கணினிப் பணியைப் பிறர்பால் ஒப்படைத்தல்

ஓசூர்க் கிளைச் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு



ஆண்டுதோறும் கூடும் இம்மன்றத்தில் கல்வி, சிக்கனம், மணவினைச் செலவு, மாணவர் விடுதி முதலிய பொருள்கள் குறித்து அறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கின்றீர்கள். இவ்வாண்டு காரியதரிசியவர்கள் எம் இல்லம் போந்து, ‘சிறுதொழிலும் நடுத்தரத் தொழிலும் நடத்தும் நம்மவர் தம் கணினிப் பணியை வெளியாரிடம் ஒப்படைப்பது தக்கதா, தகாததா? இதுபற்றித் தாங்கள் பேசவேண்டும்’ என்று பணித்தார்கள். தமிழாசிரியனுக்கும் கணினிக்கும் என்ன உறவு என்று உங்களுட் சிலர் நகைத்தல் கூடும். எம்மிடம் பயின்ற மாணாக்கர் பலர் இன்று சிப்காட்டிலும் சிட்கோவிலும் தொழிற்கூடம் வைத்து நடத்துகின்றனர். அவர்தம் இன்பதுன்பங்கள் எம் செவிக்கு எட்டாமற் போவதில்லை. அன்றியும், ஆழ்ந்து நோக்குமிடத்து இப்பொருள் எந்திரத்தைப் பற்றியதன்று. யாரை நம்புவது, எதுவரையில் நம்புவது, நம்பியபின் எதனை நம் கையிலேயே வைத்துக்கொள்வது என்பதைப் பற்றியது. அதனைத் தமிழாசிரியன் பேசுதல் பொருந்தும் என்றே இசைந்தோம்.

முதற்கண் நாம் வாழும் இவ்வெல்லைப் பகுதியை நோக்குவோம். கேழ்வரகும் காய்கறியும் ரோஜா மலரும் விளையும் சிற்றூர்களின் நடுவே அமைந்திருந்த சிறுநகர் ஓசூர். தமிழக அரசு 1971-இல் நிறுவிய சிப்காட் நிறுவனம், அப்பத்தாண்டிலேயே இங்கே தொழிற்பேட்டை அமைத்தது. பின்னர் டி.வி.எஸ். நிறுவனத்தின் மோப்பெட் தொழிற்சாலையும், அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலையும், டிட்கோவும் டாட்டா குழுமமும் கூடி 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கடிகாரத் தொழிற்சாலையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 2004-இல் தருமபுரியினின்றும் பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. போச்சம்பள்ளிப் பக்கத்து மின்சார ஸ்கூட்டர்த் தொழிற்சாலையும், தேன்கனிக்கோட்டை வட்டத்து டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையும் அண்மைக் காலத்தில் எழுந்தவை.

இப்பெருந்தொழிற்சாலைகளைக் காண்போர் வியக்கின்றனர். ஆயின் அவற்றைத் தாங்கி நிற்பன அவற்றைச் சூழ்ந்துள்ள சிறு கூடங்களேயாம். லேத்துப் பட்டறை, பிரஸ் ஷாப், டூல் ரூம், முலாம் பூசுமிடம், ரப்பர் வார்ப்பிடம் எனப் பல்வகைக் கூடங்கள் உள்ளன. பத்துப் பேரை வைத்து நடத்துவோரும் உளர். இருநூறு பேரை வைத்து நடத்துவோரும் உளர். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மத்திய அரசின் வரையறைப்படி, எந்திர முதலீடு 25 கோடியும் ஆண்டு விற்றுமுதல் 100 கோடியும் மிகாதவை சிறுதொழில். 125 கோடியும் 500 கோடியும் மிகாதவை நடுத்தரத் தொழில். நம் சங்கத்து அங்கத்தினருள் தொழில் நடத்துவோர் பெரும்பாலோர் சிறுதொழில் வரம்பிற்கும், அதற்குங் கீழான குறுந்தொழில் வரம்பிற்கும் உட்பட்டவரே.

இக்கூடங்களுட் கணினி புகுந்த வரலாற்றைச் சிறிது கூறுவோம். முன்னாளில் கணக்கெழுதக் கணக்கப்பிள்ளை ஒருவரும் பேரேடு இரண்டும் போதுமாயிருந்தன. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஏப்ரல் முதல், ஐம்பதினாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லை கடப்பதற்கு ஈ-வே பில் வேண்டுமென்றாயிற்று. அத்திப்பள்ளியைக் கடந்து பெங்களூருக்குச் சரக்கனுப்பும் நமக்கு இஃது அன்றாடக் கடமை. 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உடையார்க்கு மட்டும் விதிக்கப்பட்ட ஈ-இன்வாய்ஸ், படிப்படியாகக் கீழிறங்கி, 2023 ஆகஸ்டு 1 முதல் 5 கோடிக்கு மேற்பட்டோர் அனைவரையும் பற்றிக்கொண்டது. கம்பெனியாகப் பதிவு செய்துகொண்டோர், கணக்கில் எவர் எப்பொழுது எதனைத் திருத்தினார் என்னும் சுவடு அழியாது நிற்கும் மென்பொருளையே கையாளுதல் வேண்டுமென்பது 2023 ஏப்ரல் முதல் விதி. கணக்கின் படி ஒன்றை நாடோறும் எடுத்து இந்திய நாட்டிலுள்ள சர்வரில் வைத்தல் வேண்டுமென்பது அதற்கு முந்திய ஆண்டிலேயே வந்த விதி. இவற்றோடு, பெரிய நிறுவனத்தார் தம் ஆர்டரையும் வரைபடத்தையும் இன்று கணினி வாயிலாகவே அனுப்புகின்றனர். எனவே கணினி நின்றால் இன்வாய்ஸ் இல்லை; இன்வாய்ஸ் இன்றேல் வண்டி புறப்படாது; வண்டி புறப்படாவிடின் அடுத்த ஆர்டர் ஐயத்திற்கிடமாகும்.

இத்துணை இன்றியமையாத கணினியைக் காப்பவர் யார்? நாமே ஓர் ஆளை அமர்த்திக்கொள்ளலாகாதா எனின், ஆண்டுதான் நம் இருப்பிடத்தின் இயல்பு குறுக்கே நிற்கின்றது. பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டி, கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனத்தால் 1970களின் இறுதியில் தொடங்கப்பெற்றது. அது அமைந்திருப்பதோ ஓசூர்ச் சாலையிலேயாம். நம் பையன் ஒருவனை அமர்த்தி ஈராண்டு பழக்கினால், மூன்றாம் ஆண்டில் அவன் காலைப் பேருந்தேறி எல்லை கடந்து செல்கின்றான். அவனைக் குறைகூறுதல் முறையன்று. அங்கே கிடைக்கும் ஊதியத்தை இருபது லேத்து வைத்திருப்பவர் கொடுத்தல் இயலாது. மேலும், கணினிப் பணி என்பது ஒரு பணியன்று. கணக்கு மென்பொருள் அறிந்தவன் வேறு. வலையமைப்பு அறிந்தவன் வேறு. வைரஸ் முதலியவற்றினின்றும் காக்க அறிந்தவன் வேறு. இவர் ஒவ்வொருவரும் நமக்குத் திங்களுக்குச் சில மணி நேரமே வேண்டப்படுகின்றனர். சில மணி நேரத்திற்காக முழுச் சம்பளம் கொடுத்தல் சிக்கனமாகாது.

ஆதலின் இப்பணியை வெளியாரிடம் ஒப்படைத்தலே பெரும்பாலார்க்கு உகந்த வழி. அவுட்சோர்சிங் என இன்று எல்லாரும் சொல்வது இதுவே. ஏ.எம்.சி. என நாம் வழங்கும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் இதன் ஒரு வகை. இது நமக்குப் புதிதன்று. நம் கூடங்களிற் பல, முலாம் பூசுதலையும் வெப்பப் பதமேற்றலையும் வெளியே ஜாப் ஒர்க்காகக் கொடுத்து வாங்குகின்றன. பெரிய நிறுவனத்தார் நமக்குக் கொடுப்பதும் ஜாப் ஒர்க்கே. பெருநிறுவனங்களும் கணினிப் பணியில் இவ்வழியையே மேற்கொண்டன. 1989-இல் அமெரிக்காவின் கோடக் நிறுவனம் தன் கணினிக் கூடங்களை நடத்தும் பொறுப்பை ஐ.பி.எம். நிறுவனத்திடம் கொடுத்தது. அதனைப் பின்பற்றிப் பிறரும் கொடுத்தனர். அவ்வாறு உலகத்தார் வெளியே கொடுத்த பணியாலன்றோ பெங்களூர் இன்று பெங்களூராயிற்று! ஆகவே கொடுத்தல் குற்றமன்று. எவ்வாறு கொடுத்தல் வேண்டும் என்பதே ஆராயத்தக்கது.

இதற்கு ஓர் உவமை கூறுவோம்; அது நுங்கள் தொழிலினின்றே எடுத்தது. பெரிய நிறுவனம் ஒன்று உங்களிடம் பிரஸ் வேலை கொடுக்கின்றது. அவ்வேலைக்குரிய டை உங்கள் கூடத்தில் உங்கள் பிரஸ்ஸின்மேல் இருக்கின்றது. பகலும் இரவும் அதனைக் கையாள்பவர் நீங்கள். எண்ணெய் இட்டுக் காப்பவரும் நீங்கள். ஆயினும் அந்த டை யாருடையது? பணம் கொடுத்துச் செய்வித்த நிறுவனத்துடையது. அதன்மேல் அவர்தம் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆண்டுக்கொருமுறை வந்து எண்ணிப் பார்க்கின்றனர். நாளை ஆர்டரை வேறிடத்திற்கு மாற்றினால், லாரியோடு வந்து டையை ஏற்றிக்கொண்டு போகின்றனர். கணினிப் பணியை ஒப்படைக்கும் நாம், இதே முறையை நம் ஒப்பந்தக்காரர்பாற் கைக்கொள்ளுகின்றோமா? இல்லை. டையைக் கொடுத்ததோடு அதன்மேற் பொறித்த பெயரையும் அழித்துக் கொடுத்து விடுகின்றோம். யாம் இன்று சொல்ல வந்தது இதுவே: பணியை ஒப்படைக்கலாம், உடைமையையும் திறவுகோலையும் ஒப்படைத்தலாகாது.

இவ்வாறு சொல்லுதற்குக் காரணம் என்னையெனின், உலகில் நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகளைக் காட்டுவோம்.

2021 ஜூலை 2-இல், கசேயா என்னும் நிறுவனத்தின் மென்பொருளைத் தீயோர் கைப்பற்றினர். அம்மென்பொருள், சிறு நிறுவனங்களின் கணினிகளைத் தொலைவிலிருந்தே பராமரிக்கும் ஒப்பந்தக்காரர் கையாளும் கருவி. ஏறத்தாழ அறுபது ஒப்பந்தக்காரர் வழியாக, அவரை நம்பியிருந்த 1,500 வரையிலான சிறு நிறுவனங்களின் கணினிகள் பூட்டப்பட்டன. பணம் கொடுத்தாலன்றித் திறவோம் என்றனர் தீயோர். இவ்வகை நச்சு மென்பொருளையே ரான்சம்வேர் என்பர். ஸ்வீடன் நாட்டில் கூப் என்னும் அங்காடிகள் ஏறத்தாழ எண்ணூறு மூடப்பட்டன. அவ்வங்காடி கசேயாவோடு நேரே யாதொரு தொடர்பும் உடையதன்று. பணப்பெட்டிகளைப் பராமரித்த ஒப்பந்தக்காரர் அக்கருவியைக் கையாண்டமையே காரணம். நம் ஒப்பந்தக்காரரிடத்துள்ள திறவுகோல் ஒன்றே பல வீட்டைத் திறக்குமாயின், அஃது எவர் கையில் விழுகின்றது என்பது நம் எல்லாரையும் பொறுத்ததாகின்றது.

இரண்டாவது, நமக்கு இன்னும் அணுக்கமானது. ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்திற்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்து கொடுக்கும் நிறுவனம் கொஜிமா. 2022 பிப்ரவரி இறுதியில் அதன் கணினிகள் தாக்குண்டன. அதன் விளைவாக மார்ச் 1-ஆம் நாள் டொயோட்டா தன் நாட்டிலுள்ள பதினான்கு தொழிற்சாலைகளையும் நிறுத்தியது. அன்று ஒருநாளில் ஏறத்தாழ 13,000 வண்டிகளின் உற்பத்தி தடைப்பட்டது. பாகம் செய்யும் கூடம் ஒன்று வீழ்ந்தால் பெருந்தேரும் நிற்கும் என்பதனை அன்று உலகம் கண்டது. அதனாற்றான் பெரிய நிறுவனத்தார் பலர், ‘உம் கணினிக்கு என்ன காப்பு வைத்திருக்கின்றீர்?’ என்று தமக்குப் பாகம் தருவோரைக் கேட்கத் தலைப்பட்டனர். ‘அதெல்லாம் எங்கள் பையன் பார்த்துக்கொள்வான்’ என்னும் மறுமொழி இனிச் செல்லாது.

மூன்றாவது நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. 2024 ஜூலை இறுதியில், சிறிய வங்கிகளுக்குக் கணினிப் பணி செய்துவந்த சி-எட்ஜ் நிறுவனத்தின்மேல் ரான்சம்வேர்த் தாக்குதல் நேர்ந்தது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அந்நிறுவனத்தின் தொடர்பைத் துண்டித்தது. ஏறத்தாழ முந்நூறு சிறு வங்கிகள், அவற்றுட் பெரும்பாலான கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளும், பணம் அனுப்பவும் பெறவும் இயலாது நின்றன. பின்னர்த் தொடர்பு மீண்டது. அவ்வங்கிகள் செய்த பிழை யாதுமில்லை. ஆயினும் துன்புற்றவர் அவ்வங்கிகளின் வாடிக்கைக்காரரே.

இனி, ஒப்படைக்கலாகாத திறவுகோல்கள் எவையெவை என்பதனை எண்ணிக் கூறுவோம். தாய்மார்களும் இதனைக் கேட்டல் வேண்டும். நம் கூடங்கள் பலவற்றிற் கணக்கும் சாவியும் வீட்டுப் பெண்டிர் கையிலேயே உள்ளன.

முதலாவது, நிறுவனத்தின் பெயரால் பதிந்த இணைய முகவரியாகிய டொமைன். அதனை ஒப்பந்தக்காரர் தம் பெயரிற் பதிந்துகொண்டால், அவரைவிட்டு நீங்கும் நாளில் நம் ஈமெயில்களும் அவரோடு போம். அது நிறுவனத்தின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். இரண்டாவது, சர்வரின் தலைமைக் கடவுச்சொல். ஒப்பந்தக்காரர்க்கு அவர்க்கெனத் தனிக் கணக்கு அமைத்துக் கொடுத்துத் தலைமைக் கடவுச்சொல்லை உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்துப் பீரோவில் வைக்கலாம். மூன்றாவது, ஓ.டி.பி. வரும் கைபேசி எண். அது முதலாளியுடையதாகவோ நிறுவனத்துடையதாகவோ இருத்தல் வேண்டும். நான்காவது, டிஜிட்டல் கையொப்பம் பதிந்த யு.எஸ்.பி. டோக்கன். இதனை ஆடிட்டர் அலுவலகத்திலேயே ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்கும் வழக்கம் நம்மிடையே உள்ளது. வெற்றுத்தாளிற் கையொப்பமிட்டுக் கொடுப்பதற்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே. ஐந்தாவது, டேலி முதலிய மென்பொருள்களின் உரிமம். பணம் நம்முடையதாயின் உரிமமும் நம் பெயரில் அமைதல் முறை.

ஆறாவதும் தலையாயதும் பேக்கப் எனப்படும் மாற்றுப்படி. படி மூன்று இருத்தல் வேண்டும். இருவகைச் சாதனத்தில் இருத்தல் வேண்டும். ஒன்று கூடத்திற்குப் புறம்பே இருத்தல் வேண்டும் என்பது இத்துறையார் யாவரும் உடன்பட்ட நெறி. புறம்பே என்றது என்னையெனின், 2021 மார்ச்சில் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் சர்வர்க் கட்டடம் தீக்கிரையானபொழுது, படியையும் அங்கேயே வைத்திருந்தோர் அனைத்தையும் இழந்தனர். எப்பொழுதும் கணினியோடு இணைந்தே கிடக்கும் படியை ரான்சம்வேரும் பற்றிக்கொள்ளும். ஆதலின் ஒரு படியேனும் பிரித்தெடுத்து வைக்கப்படல் வேண்டும். இவற்றினும் மேலாக, படியினின்றும் கணக்கை மீட்டெடுத்துப் பார்த்தல் வேண்டும். மூன்று திங்கட்கொருமுறை ஒப்பந்தக்காரரை அழைத்து, ‘சென்ற வாரத்துக் கணக்கை வேறொரு கணினியில் திறந்து காட்டுக’ என்று கேளுங்கள். திறந்து காட்டினால் அது பேக்கப். காட்டாவிடில் அது வெறும் நம்பிக்கை.

இனி ஒப்பந்தம். எழுத்தில் இல்லாத ஒப்பந்தம் நினைவு உள்ளவரை; அந்நினைவும் இருவர்க்கும் இருவேறாக இருக்கும். ஒப்பந்தத்தில் இருக்கவேண்டியன சில கூறுவோம். பழுதென்று சொன்னபின் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்? ஞாயிற்றுக்கிழமையும் இரவு ஷிப்டும் அதனுள் அடங்குமா? ‘நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நேரம் இயங்கும்’ என்று எழுதியிருந்தால் மயங்கற்க. முப்பது நாளில் நூற்றுக்கு ஒரு பங்கென்பது ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். அவ்வளவு நேரம் நின்றாலும் அவர் சொற்பிழையாதவரே யாவர். மாதக் கடைசியில் ஏழு மணி நேரம் இன்வாய்ஸ் நிற்பதனை உங்கள் தொழில் தாங்குமா என்பதனை நீங்களே கணக்கிடுக. நம் பணியை அவர் வேறொருவரிடம் உள்ளொப்பந்தமாகக் கொடுப்பராயின் நமக்கு அறிவித்தே கொடுத்தல் வேண்டும். பெரிய நிறுவனத்தாரின் வரைபடங்கள் நம்மிடம் அடைக்கலப் பொருள். அவற்றை வெளியிடாமைக்கு அவரும் கையொப்பமிடல் வேண்டும். ஒப்பந்தம் முடியும் நாளில் எல்லாத் தரவையும் கடவுச்சொற்களையும் இத்தனை நாளுக்குள் எழுத்துமூலம் திருப்பித்தருவர் என்னும் விதி மிகத் தேவை. ஒப்பந்தம் தொடங்கும்பொழுதே முடிவினை எழுதுதல் அமங்கலமன்று, அறிவுடைமையேயாம்.

எல்லைப் பகுதியினராகிய நமக்கு ஒன்று சிறப்பாக உரியது. ஒப்பந்தக்காரர் பெரும்பாலும் பெங்களூரினர். வழக்கு நேர்ந்தால் பெங்களூர் நீதிமன்றத்திலேயே தொடுத்தல் வேண்டுமென்று அச்சிட்ட படிவத்தில் ஒரு வரி இருக்கும். கையொப்பமிடுமுன் அதனைப் படித்தல் வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்ட நீதிமன்றம் என்று மாற்றக் கேட்கலாம். இசையாவிடின் இருவர்க்கும் பொதுவான நடுவர் ஒருவரை எழுதலாம். கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் இவ்வூரில் அயல்மொழியார் என்னும் காரணத்தால் எவரையும் ஐயுறுதல் கூடாது. ஒப்பந்தம் செம்மையாயின் எம்மொழியாரும் நல்லரே.

சட்டத்தின் நிலையையும் அறிந்திருத்தல் வேண்டும். இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவாகிய செர்ட்-இன், 2022 ஏப்ரலில் வெளியிட்ட கட்டளைப்படி, தாக்குதல் நேர்ந்ததை அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் அதற்கு அறிவித்தல் வேண்டும். கணினிப் பதிவேடுகளை 180 நாள் காத்து வைத்தல் வேண்டும். பணம் களவு போயிற்றெனில் 1930 என்னும் எண்ணிற்கு உடனே பேசுதல் வேண்டும். நாடாளுமன்றம் 2023-இல் டிஜிட்டல் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருவன. நம் கூடத்துத் தொழிலாளியின் ஆதார்ப் படியும் வங்கி எண்ணும் வருகைப்பதிவுக்கு வைத்த விரல்ரேகையும் அவனுடைய தரவுகள். பணியை வெளியாரிடம் ஒப்படைத்தாலும் அவற்றைக் காக்கும் பொறுப்பு நம்முடையதே என்பது அச்சட்டத்தின் நிலை. பணியைக் கைமாற்றலாம்; பொறுப்பைக் கைமாற்றல் இயலாது.

இனிக் கூறப்போவது சிலர்க்குக் கசப்பாயிருக்கலாம். ஆயினும் சங்கத்தின் நடுவே நின்று சங்கத்தார்க்குச் சொல்லாவிடில் வேறெங்குச் சொல்வோம்?

எம் மாணாக்கர் ஒருவர் ஓசூரில் டர்னிங் பட்டறை வைத்துள்ளார், உழைப்பாளி. அவர்தம் தமக்கை மகன் கணினி பயின்றவன். ‘நம் பிள்ளைதானே’ என்று பட்டறைக் கணினி முழுமையும் அவனிடமே விட்டார். எழுத்து இல்லை, கூலியும் இன்னதென்று இல்லை, தீபாவளிக்குத் துணியும் கையிற் கிடைத்தபொழுது பணமும் கொடுத்தார். பையனும் மனமுவந்தே செய்தான். ஈராண்டிற்குப்பின் அவனுக்குத் துபாயில் வேலை கிடைத்தது. ஒரு மார்ச்சு இறுதியில் பட்டறைக் கணினியின் வட்டு பழுதுற்றது. பேக்கப் இருந்தது, ஆனால் அஃது அவனுடைய தனிக் கணக்கில் இருந்தது. அதனைத் திறக்க ஓ.டி.பி. வரவேண்டிய எண்ணோ அவன் ஊரை விட்டபொழுதே கைவிட்ட எண். ‘மாமா, அந்த நம்பர் இப்பொழுது என்னிடம் இல்லையே’ என்றான். அவன் பொய் சொல்லவில்லை. ஆயினும் கணக்கை மறுபடியும் பில்களினின்றும் எழுதிமுடிக்கப் பதினாறு நாள் சென்றன. அதற்குள், ‘வேண்டுமென்றே செய்தான்’ என்றொரு சொல் ஒருவர் வாயினின்றும் வந்தது; ‘இரண்டாண்டு சும்மா உழைத்தானே’ என்று மறுசொல் எழுந்தது. அவ்வாண்டு தமக்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவிற்குத் தம்பி செல்லவில்லை. கணக்குப் பதினாறு நாளில் மீண்டது. உறவு மீள மூன்றாண்டாயிற்று.

வள்ளுவனார் திருக்குறளில் ஐம்பத்தோராம் அதிகாரமாகத் தெரிந்து தெளிதலையும், ஐம்பத்திரண்டாவதாகத் தெரிந்து வினையாடலையும், அவற்றிற்குப் பின் ஐம்பத்துமூன்றாவதாகச் சுற்றந்தழாலையும் வைத்தார். இம்முறைவைப்பை நோக்குக. ஆராய்ந்து தெளிக, தெளிந்தபின் வினையில் அமர்த்துக, சுற்றத்தைத் தழுவிக்கொள்வதும் வேண்டும், ஆயின் அது தனி அறம் என்று கொள்ளலாமன்றோ? நாமோ மூன்றாவதை முதலாவதாக்கி, முதலிரண்டையும் மறந்துவிடுகின்றோம். உறவினனுக்குப் பணி கொடாதீர் என்று யாம் கூறவில்லை. அவன் வல்லவனாயின் அவனுக்கே கொடுங்கள், கூலி பேசிக் கொடுங்கள், எழுதிக் கொடுங்கள். உறவைக் காப்பதற்காகவே எழுத்து வேண்டும்.

இறுதியாக, சங்கம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தனித்தனியே நின்றால் ஒவ்வொரு பட்டறையும் ஒப்பந்தக்காரர்க்குச் சிறிய வாடிக்கையே. அழைத்தால் வரிசையிற் கடைசி. பத்துக் கூடங்கள் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தை ஒரே வாசகத்தில் பேசினால், விலையும் குறையும், மதிப்பும் உயரும். அதற்குரிய ஒப்பந்த வாசகம் ஒன்றினை, வழக்கறிஞர் ஒருவரையும் ஆடிட்டர் ஒருவரையும் கொண்டு சங்கம் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவித்து, அங்கத்தினரல்லாத அண்டைக் கூடத்தார்க்கும் கொடுத்துதவுதல் வேண்டும். ரான்சம்வேர் சாதி பார்த்து வருவதில்லை. அண்டை வீட்டில் தீப்பற்றினால் நம் கூரைக்கும் ஆபத்தே.

மற்றொன்று, நம் மக்களின் பிழைப்பைப் பற்றியது. பர்கூர் அரசினர் பொறியியற் கல்லூரியிலும் மாவட்டத்துப் பாலிடெக்னிக்குகளிலும் ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் தேறி வெளிவருகின்றனர். எல்லாரும் எல்லை கடந்தே ஆகவேண்டுமா? நாலைந்து பேர் கூடி, ஒருவர் கணக்கு மென்பொருளும், ஒருவர் வலையமைப்பும், ஒருவர் பாதுகாப்பும் எனப் பகிர்ந்து பயின்று, இவ்வூரிலேயே ஒரு பணியகம் தொடங்கினால் இருபது முப்பது கூடங்களைக் காத்தல் இயலும். ஓசூரை அடுத்த விசுவநாதபுரத்தில் எல்காட் நிறுவனம் தகவல் தொழில்நுட்பத்திற்கெனவே பூங்கா அமைத்துள்ளது. மணமான பின் பெங்களூருக்கு நாடோறும் போய்வர இயலாதென்று வேலையை விட்ட நம் பெண்மக்கள் எத்துணைப் பேர்! அவர்தம் கல்வி அடுக்களையில் அடைபட்டுக் கிடக்கின்றது. இங்கே கூடங்கள் ஆள் கிடையாது தவிக்கின்றன. இவ்விரண்டையும் இணைப்பது சங்கத்திற்கு அரிய செயலன்று. மாணவர் விடுதி கட்டிய கைகளுக்கு இது பெரிதாமோ?

அன்பர்களே! இன்றிரவு வீடு சென்றதும் ஒரு தாளெடுத்து மூன்று வினாவிற்கு விடை எழுதிப் பாருங்கள். நம் டொமைன் எவர் பெயரில் உள்ளது? நம் ஓ.டி.பி. எவர் கைபேசிக்கு வருகின்றது? நம் பேக்கப்பைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எந்நாள்? மூன்றிற்கும் விடை எழுத இயன்றவர் கவலையின்றி உறங்கலாம். இயலாதவர் நாளைக் காலையிலேயே தம் ஒப்பந்தக்காரரை அழைத்துப் பேசுதல் நலம். கோபமின்றிக் கேளுங்கள், அவரும் நம்மைப்போல் உழைத்துப் பிழைப்பவரே. நல்ல ஒப்பந்தக்காரர் இக்கேள்விகளை விரும்புவர்.

 ஒப்பந்த வாசகக் குழுவிற்குப் பெயர் கொடுக்க விழைவோர் காரியதரிசியவர்களிடம் இன்றே கொடுத்துச் செல்லுமாறு வேண்டுகின்றோம்.